முப்புரிக் கயிறும் ஒரு பழைய புலம்பலும்

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 8 வந்தால் போதும், எங்கள் காலேஜ் வாட்ஸாப் குழுவில் அந்தச் செய்தி வந்து விழுந்துவிடும். ஜி. என். ராமச்சந்திரனின் கறுப்பு வெள்ளைப் படம். கீழே நாலைந்து வரி. கொலாஜன் என்கிற புரதத்தின் அமைப்பை முதலில் கண்டுபிடித்தது சென்னையில் இருந்த நம் ஆள், கேம்பிரிட்ஜ்காரர்கள் அதைத் தட்டிப் பறித்துக்கொண்டார்கள், இல்லாவிட்டால் நோபல் பரிசு நமக்குத்தான். அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வரும். நானும் பல வருஷம் அதை நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

இந்த வருஷம் அனுப்பவில்லை. காரணம், மூலக் கட்டுரைகளை உட்கார்ந்து படித்துவிட்டேன். படித்தபிறகு தோன்றியது இதுதான்: நாம் சொல்லும் கதை ராமச்சந்திரனுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு அவரைச் சின்னதாக்குகிறது. அந்தப் புலம்பலைப் பற்றிய விமர்சனம்தான் இந்தக் குறிப்பு. நான் பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாகக் கோடு எழுதிப் பிழைப்பவன். உயிரியல் பட்டம் எதுவும் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், ஏன் படிக்கப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு எழுபத்திமூன்று வயது. மணவாளக்குறிச்சியில்தான் இருக்கிறார். போன வருஷம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். வறட்டு இருமல். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். நுரையீரலின் அடிப்பகுதியில் நார்த்தழும்பு. டாக்டர் பொறுமையான மனிதர். படத்தை வெளிச்சத்தில் காட்டி, "இது தழும்பு. இவ்வளவு இருக்குன்னு படம் சொல்லும். இப்பவும் வளந்துட்டிருக்கா, நின்னு போச்சான்னு இந்தப் படத்துல தெரியாது. ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்து ஒப்பிட்டுப் பாக்கணும்" என்றார். காரில் திரும்பி வரும்போது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. வெள்ளமடி தாண்டியதும் கேட்டார்: "மக்களே, அது வளருதா இல்லியான்னு தெரியதுக்கு, அது வளருத வரைக்கும் பாத்துக்கிட்டா இருக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. தழும்பு என்பது பெரும்பாலும் கொலாஜன் என்று மட்டும் தெரியும். அங்கிருந்து தொடங்கிய வாசிப்பு இது.

கயிறு

கொலாஜனைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரனுக்கு பாடப்புத்தகம் வேண்டாம். எங்கள் கடற்கரைப் பக்கம் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவார்கள். பிறகு அந்தப் புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். புரி பிரியப் பார்க்கும். பிரிய விடாமல் கயிறு பிடிக்கும். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால்தான் கயிறு நிற்கிறது.

கொலாஜனும் அப்படியே. மூன்று புரதச் சங்கிலிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக இடது பக்கமாக முறுக்கியவை. மூன்றும் சேர்ந்து வலது பக்கமாக ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. நம் தோல், எலும்பு, தசைநாண், ரத்தக் குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது இந்த முப்புரிக் கயிறுதான். உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதமும் இதுதான்.

இந்தக் கயிற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்று புரியும் நெருங்கும் நடு அச்சில் இடமே கிடையாது. அங்கே உட்கார, இருப்பதிலேயே சின்ன அமினோ அமிலமான கிளைசினால் மட்டும்தான் முடியும். அதனால் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடமும் கிளைசின். மீதி இரண்டு இடங்களில் புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் அடிக்கடி வரும். ஒரே ஒரு கிளைசின் மாறிப் போனால்கூட எலும்பு நொறுங்கும் பிறவி நோய் வரலாம்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை ஏற்றுக்கொண்டபோது ராமச்சந்திரனுக்கு வயது முப்பது. அங்கே வந்த ஜே. டி. பெர்னால், கொலாஜன் அமைப்பு இன்னும் தீராத பிரச்சினை என்று பேச்சோடு சொல்லிவிட்டுப் போனார். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் பதனிடுவது என்றாலே கொலாஜன் வேலைதான். மாதிரிகளுக்கு அலைய வேண்டியதில்லை. கங்காரு வால் தசைநாணில் நல்ல எக்ஸ்ரே படம் கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் மூன்று சங்கிலி மாதிரியை வெளியிட்டார்கள். 1955 செப்டம்பரில் அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றும் கயிறாக மாற்றினார்கள். அதே வருஷம் நவம்பரில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் அதே நேச்சரில் தங்கள் மாதிரியைப் போட்டார்கள். அதுவும் முப்புரிக் கயிறுதான். ஆனால் உள்கட்டில் வித்தியாசம்.

இதுவரை வாட்ஸாப் கதையும் சரித்திரமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. கோளாறு இதற்குப் பிறகுதான்.

புலம்பலின் மூன்று பிழைகள்

முதல் பிழை சாதாரணமானது. கொலாஜனின் அமைப்புக்காக யாருக்கும் நோபல் கிடைக்கவில்லை. கிரிக் 1962-ல் வாங்கியது டி.என்.ஏ.வுக்கு. யாரும் வாங்காத பரிசை ஒருவரிடமிருந்து எப்படித் தட்டிப் பறிக்க முடியும்? ராமச்சந்திரனுக்கு ஏதாவது ஒரு வேலைக்காக நோபல் கொடுத்திருக்கலாம் என்று வாதாடலாம், அது நியாயமான வாதம். அது வேறு, இது வேறு.

இரண்டாவது பிழைதான் எனக்கு முக்கியம். கிரிக்கும் ரிச்சும் வெறுமனே பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்கள். சென்னை மாதிரியில் ஒவ்வொரு மூன்று அமினோ அமிலத்துக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். அப்படி இரண்டு கட்டு போட்டால் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கிவிடுகின்றன என்றார்கள் அவர்கள். தங்கள் மாதிரியில் ஒரே ஒரு கட்டுதான் வைத்தார்கள்.

யார் சொன்னது சரி? 1994-ல் பெல்லா, ஈட்டன், பிராட்ஸ்கி, பெர்மன் என்ற நால்வர் கொலாஜனைப் போன்ற ஒரு செயற்கைப் பெப்டைடைப் படிகமாக்கி, அணு அணுவாகப் பார்த்தார்கள். நேரடிக் கட்டு ஒன்றுதான். அந்த விஷயத்தில் கிரிக் பக்கம் சரி. ஆனால் அதே படிகத்தில் சங்கிலிகளுக்கு நடுவே நீர் மூலக்கூறுகள் பாலம் போட்டிருந்தன. 1968-ல் ராமச்சந்திரனும் சந்திரசேகரனும், இரண்டாவது கட்டு தண்ணீர் வழியாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்த இடத்தில் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கிறது. ஆக, முப்புரி என்ற அடிப்படை எண்ணம் சென்னையிலிருந்து வந்தது. அணுக்கள் இருக்கும் இடத்தின் நுணுக்கம் கேம்பிரிட்ஜ் திருத்தியது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை.

நம் புலம்பல் இந்தத் தவறை மறைக்கிறது. மறைத்தால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? அவருடைய மிகப் பெரிய சாதனையையும் சேர்த்து மறைக்கிறது. "அணுக்கள் ரொம்ப நெருங்குகின்றன" என்ற குற்றச்சாட்டு அவரைச் சுட்டிருக்க வேண்டும். பதிலுக்கு அவர் செய்தது சண்டை இல்லை. அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அன்றுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளில் அணுக்களின் இடைவெளிகளைத் தொகுத்து, சாதாரண எல்லை ஒன்று, கடைசி எல்லை ஒன்று என்று வகுத்தார்கள். அந்த எல்லைகளை வைத்து ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் முடியவே முடியாது என்று கணக்குப் போட்டு, ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-ல் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகத்தில் எந்த ஆய்வகம் புதிய புரத அமைப்பைத் தீர்மானித்தாலும் அது சரியா என்று சோதிக்கும் படம் அது. எங்கள் தொழிலில் சொன்னால், ஒரு பக் ரிப்போர்ட் வந்தது. அந்த பக்கை மட்டும் மூடாமல், இனி எல்லாருடைய கோடையும் சோதிக்கும் டெஸ்ட் சூட் ஒன்றை எழுதிவிட்டார்.

தன் மாதிரியைக் குறை சொன்ன வாயை அடைப்பதைவிட இது பெரிய காரியம் இல்லையா? ஆனால் தவறு நடந்ததையே ஒப்புக்கொள்ளாத கதைக்குள் இந்தக் காரியத்துக்கு இடமே இல்லை. புலம்பலில் அவர் ஏமாற்றப்பட்ட மனிதர். கட்டுரைகளில் அவர் அடி வாங்கிய இடத்திலேயே அஸ்திவாரம் போட்ட மனிதர்.

மூன்றாவது பிழை: கதை 1955-லேயே நின்றுவிடுகிறது. அந்தக் கயிறு அதற்குப் பிறகு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

பிரிந்த இடத்தில் போய்ச் சேரும் புரி

கயிறு பழசாகி ஓரிடத்தில் நைந்துபோனால் புரிகள் அங்கே விலகி நிற்கும். உடம்பிலும் அதே நிலை வரும். புற்றுக்கட்டி பரவும்போதும், மூட்டு தேயும்போதும், தசைநாண் அளவுக்கு மீறி இழுபடும்போதும், கொலாஜன் கயிறு அங்கங்கே அவிழ்ந்து, புரிகள் தனித்தனியாகத் தொங்குகின்றன. அந்த இடத்தை மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பது?

யோசனை எளிது. கிளைசின், புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் என்று திரும்பத் திரும்ப வரும் ஒரு குட்டிச் சங்கிலியை ஆய்வகத்தில் செய்யுங்கள். அதன் நுனியில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டுங்கள். முறுக்கு அவிழாத கயிற்றில் அதற்கு நுழைய இடமில்லை. அவிழ்ந்த புரியைக் கண்டால் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். முதலில் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் பிறகு யூட்டாவிலும் மைக்கேல் யூவின் குழு 2005-லிருந்து செய்துவருவது இதைத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, எனக்குப் பிடித்த சிக்கல். இந்தக் குட்டிச் சங்கிலிகள் கயிறாவதற்கென்றே பிறந்தவை. குப்பியில் சும்மா வைத்தாலே தங்களுக்குள் மூன்று மூன்றாக முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொண்டால் வேலைக்கு ஆகாது. அதனால் ஆய்வகத்தில் சுமார் 80 டிகிரிக்குச் சூடாக்கி முறுக்கை அவிழ்த்து, சட்டென்று குளிரவைத்து, அவை மறுபடியும் ஜோடி தேடுவதற்குள் திசுவின்மேல் ஊற்ற வேண்டும். உயிருள்ள உடம்புக்குள் இது நடக்குமா? அதற்காக 2012-ல் ஒரு வழி சொன்னார்கள். சங்கிலியின் நடுவில் ஒரு முட்டுக்கட்டையை வைத்துவிடுவது; புற ஊதா ஒளி பட்டால் கட்டை உதிரும், அப்போதுதான் முறுக்கும் திறன் வரும். கட்டியுள்ள எலிகளில் செலுத்திப் பார்த்து, கொலாஜன் சிதைந்த இடங்கள் ஒளிர்வதைக் காட்டினார்கள். 2017-ல் எலி வால் தசைநாணை இழுத்து, கண்ணுக்குத் தெரியும் முறிவு வருவதற்கு முன்பே மூலக்கூறு மட்டத்தில் சேதம் தொடங்கிவிடுவதை இதே பெப்டைடால் பார்த்தார்கள்.

சிகிச்சைப் பக்கமும் உண்டு. ரொனால்ட் ராய்ன்ஸின் குழு, காயத்தை ஆற்றும் மூலக்கூறை இப்படியொரு சங்கிலியில் கட்டி, எலியின் புண்ணிலேயே நங்கூரம் போட்டு நிறுத்திப் பார்த்தது. இதே ராய்ன்ஸ்தான் 1998-ல் ராமச்சந்திரனின் தண்ணீர்ப் பாலத்தின்மேல் இன்னொரு கேள்வி எழுப்பியவர். ஹைட்ராக்ஸிபுரோலின் இருந்த இடத்தில், தண்ணீரோடு கைகோக்கவே விரும்பாத ஃபுளூரின் உள்ள புரோலினை வைத்தார். கயிறு இன்னும் உறுதியானது. ஆக, நீர்ப் பாலம் இருக்கிறது, ஆனால் உறுதிக்கு அது முக்கியக் காரணம் இல்லை. ராமச்சந்திரனின் எண்ணங்களை இன்றும் உயிரோடு வைத்திருப்பவர்கள் இப்படி அவற்றோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான்.

இந்த இடத்தில் சின்ன எச்சரிக்கை. கடையில் டப்பாவில் விற்கும் கொலாஜன் பவுடருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அதன் மேலும் பெப்டைடு என்று எழுதியிருக்கும். அது வேகவைத்து உடைத்த கொலாஜன்; வயிற்றுக்குள் போய் இன்னும் உடையும். புண்ணைத் தேடிப் போய் முறுக்கிக்கொள்ளாது.

நான் கட்டிய கதை

இந்த இடம்வரை படித்ததும் எனக்குப் பெரிய உற்சாகம். அப்பாவின் கேள்விக்குச் சென்னையில் 1954-லேயே விடை தொடங்கிவிட்டது என்று ஒரு கட்டுரை மனதுக்குள் ஓடத் தொடங்கியது. அப்புறம்தான் கொஞ்சம் கவனமாகப் படித்தேன்.

கொலாஜனைப் பிடிக்கும் பெப்டைடு என்று பொதுவாக எழுதுகிறார்களே, அதில் இரண்டு வெவ்வேறு ஜாதி இருக்கிறது. ஒன்று, மேலே சொன்னது, அவிழ்ந்த கொலாஜனோடு முறுக்கிக்கொள்வது. இது முப்புரி அமைப்பின் நேர்வாரிசு. இன்னொன்று, அவிழாத முழுக் கயிற்றின்மேல் போய் ஒட்டிக்கொள்வது. லட்சக்கணக்கான பெப்டைடுகளை வைரஸ்களின்மேல் ஏற்றி, கொலாஜனில் எது ஒட்டுகிறது என்று சலித்து எடுத்தவை. பாஸ்டனில் பீட்டர் கேரவனின் குழு 2007-ல் வெளியிட்ட ஈ.பி.-3533 இந்த ரகம்: வளையம் போன்ற ஒரு பெப்டைடு, அதில் தொங்கும் மூன்று காடோலினியம் கூடுகள், எம்.ஆர்.ஐ.யில் தழும்பைப் பளிச்சென்று காட்டும். அதன் தம்பி சி.பி.பி.-8, இதில் காடோலினியத்துக்குப் பதில் கதிரியக்கக் காலியம்-68. பெட் ஸ்கேனில் பார்க்கலாம். நுரையீரல் நார்த்தழும்பு உள்ளவர்களிடம் இதை முதன்முறையாகச் சோதித்து 2019-ல் எழுதினார்கள். ஆரோக்கியமானவர்களைவிட நோயாளிகளின் நுரையீரலில் சமிக்ஞை கூடுதல். பங்கேற்றவர்கள் மிகச் சிலரே.

அப்பாவின் கேள்விக்கு அருகில் வருவது இந்த இரண்டாவது ஜாதி. அதற்கு ராமச்சந்திரனின் மாதிரி நேரடியாகத் தேவைப்படவில்லை. சலித்து எடுத்தார்கள், கிடைத்தது. என் அழகான கதை அங்கேயே உடைந்தது.

சும்மா விட்டேனா? இல்லை. காடோலினியம் ஓர் அருமண் தனிமம். மோனசைட்டில் சிறிதளவு உண்டு. மோனசைட் எங்கள் ஊர் மணலில் உண்டு. 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டார். அப்புறம் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. கயிறு, மணல், காடோலினியம், கொலாஜன்! பார்த்தீர்களா, எல்லாம் எங்கள் ஊரிலேயே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது!

இரவு பதினொரு மணிக்கு இதை எழுதி வைத்துவிட்டு, காலையில் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியில் ஏற்றும் காடோலினியம் எங்கள் கடற்கரையிலிருந்து போனது என்பதற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. ஊர்ப்பெருமைக்காக நான் கட்டிய முடிச்சு அது. இன்னொரு வாட்ஸாப் செய்தி. அதோடு, அதே காடோலினியம் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் சிலருக்குத் தோல் இறுகும் நார்த்தழும்பு நோயைக் கொடுத்தது 2006 வாக்கில் தெரியவந்தது. தழும்பைக் காட்டப் போன பொருளே தழும்பை உண்டாக்கியது. பெருமைக் கதையில் இந்த வரிக்கு இடம் கொடுத்திருப்பேனா? மாட்டேன்.

உண்மையான தொடர்பு

ஆனால் ஒரு தொடர்பு உண்மையிலேயே இருக்கிறது. நான் தேடாத இடத்தில் இருந்தது.

பல வருஷத்துக்கு முன்பு ஒரு வேலைக்காக மேட்லாபில் சி.டி. படத்தை மீட்டெடுக்கும் ஃபங்ஷன் ஒன்றைப் பயன்படுத்தினேன். அதில் தானாகவே வரும் ஃபில்டரின் பெயர் 'ராம்-லாக்'. யாரோ வெளிநாட்டுக்காரர் என்று நினைத்துக் கடந்துபோனேன். ராம் என்பது ராமச்சந்திரன். லாக் என்பது லட்சுமிநாராயணன். 1971-ல் இருவரும் எழுதிய கட்டுரை அது. பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களைத் திருப்பி ஒன்றாகக் கொட்டினால் படம் மங்கலாக வரும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு எளிய கணக்கால் கூர்மையாக்கிவிட்டுக் கொட்டினால் தெளிவாக வரும். பெரிய ஃபூரியர் கணக்குகள் வேண்டியதில்லை என்று காட்டினார்கள். இங்கேயும் 'நம்மவர்தான் முதல்' என்று எழுதக் கை வருகிறது. அடக்கிக்கொள்கிறேன். பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-ல் வானொலி வானியலுக்காக இதே வழியைக் கண்டிருந்தார்கள். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் அதை எக்ஸ்ரே படங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவே போதுமான பெருமை. ஸ்கேனர்களின் கணக்கு அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. பாடம் படிக்கிற எவரும் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அப்பாவின் தழும்பை எங்களுக்குக் காட்டிய சி.டி. படத்தின் பின்னால் அவருடைய கணக்கும் இருக்கிறது. காட்ட முடியாததைக் காட்டப்போகும் பெப்டைடில் அவர் இல்லை. இருக்கிற இடத்தில் இருக்கிறார், இல்லாத இடத்தில் இல்லை. அவரை மதிப்பது என்றால் இந்த இரண்டு வரியையும் ஒரே மூச்சில் சொல்வது என்று இப்போது நினைக்கிறேன்.

புலம்பலுக்கு ஒரு வசதி இருக்கிறது. அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். கட்டுரைகளைப் படித்தால் அப்படி முடியாது. இங்கேயும் ஒரு ஊரில் பெர்னாலைப் போல யாராவது வந்து ஒரு பிரச்சினையைச் சொல்ல வேண்டும், பக்கத்தில் ஒரு தோல் நிறுவனம் வேண்டும், குறை சொன்னால் அதிலிருந்தே வேலையைத் தொடங்கும் மனசு வேண்டும் என்று அவை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். இதில் எது இப்போது நம்மிடம் குறைகிறது என்று கேட்டால் சங்கடமாக இருக்கும்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு இரண்டாவது ஸ்கேன். தழும்பை அழிக்காத, வளர்வதை மட்டும் மெதுவாக்கும் மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டுவருகிறார். வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் முப்புரிக் கயிறு, ஒட்டிக்கொள்ளும் பெப்டைடு எல்லாவற்றையும் ஒருநாள் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அது எப்பம் இங்க வரும்?" என்றார். நாளாகும், இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்றேன்.

"செரி. வந்தா வரட்டு. நீ அதுவரைக்கும் இல்லாததச் சொல்லி என்ன சந்தோசப்படுத்தாண்டாம்" என்றார்.

இந்தக் குறிப்பை மறுபடியும் முதலிலிருந்து படித்து, நாலைந்து வரிகளை வெட்டியது அதற்குப் பிறகுதான். இன்னும் வெட்ட வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.